மேற்குச் சுவரின் அருவி

அந்தக் கட்டடத்தில் மேற்குச் சுவரில் மாட்டிய படத்தை யாரும் கழற்றுவதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாரிடமும் சொன்னதில்லை. படிக்கட்டின் கீழே தொங்கிய அறிவிப்புப் பலகையில் தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள் இருந்தது, மொட்டைமாடிக் கதவைப் பூட்டும் நேரம் இருந்தது, செருப்பைப் படியில் பரப்பக் கூடாது என்ற எச்சரிக்கை சிவப்பு மையில் இருந்தது. இது மட்டும் இல்லை. ஆனால் செருப்பைப் பரப்பாத வீடு அங்கே ஒன்றுகூடக் கிடையாது. படத்தைக் கழற்றிய வீடும் ஒன்றுகூடக் கிடையாது. படம் பழசாகிவிட்டால் அதன்மேல் இன்னொரு படம் ஏறும், முன்னதைவிடச் சற்றே பெரிதாக. விருந்தாளிகள் புதுப் படத்தைப் புகழலாம், நிறத்தைப் பற்றிக் கேட்கலாம், சட்டத்தைத் தடவிப் பார்க்கலாம். பின்னால் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை.

குச்சியை நட்டு வைத்ததுபோல ஒல்லியான கட்டடம். மேற்கே பூட்டிக் கிடக்கும் காலி மனை, அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. தளத்துக்கு ஒரே வீடு, ஐந்து தளம், ஐந்து குடும்பம். அதன் இரண்டாவது மாடியில் குடியிருந்தவளைத் தெருவே படக்காரி என்றுதான் அழைத்தது. தெருமுனையில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கடை. உள்ளே அவள் நின்றால் வந்தவர் வெளியே நிற்க வேண்டும். வந்தவர் உள்ளே நின்றால் அவள் ரம்பத்தை ஓட்ட முடியாது. பட்டப்படிப்புப் புகைப்படம், நற்சான்றிதழ், கல்யாணக் கோலம் என்று எல்லாவற்றுக்கும் அவள் சட்டம் போட்டுத் தந்தாள் என்றாலும், அவள் பெயர் நிலைத்தது பழைய நாட்காட்டிகளால்தான். ஆண்டு மாறியதும் ஜனங்கள் சுருட்டிப் பரண்மேல் எறிகிற சுவர் நாட்காட்டிகளை அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். மேல்விளிம்பின் தகரப் பட்டையைக் குறடால் பிடுங்கி, சுருள் பிடித்த தாளின் முதுகில் ஈரத்துணி ஒற்றி நிமிர்த்துவாள். தேதிக் கட்டங்களைக் கத்தியால் ஒரே இழுப்பில் அரிந்து தள்ளுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையில் படத்தைப் பலகையோடு ஒட்டி, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே உப்புத்தாளால் பூப்போலத் தேய்த்து எடுத்தால், பாத்திரக் கடையில் இலவசமாகக் கொடுத்த பனிமலை, பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்குப் போகத் தயாராகி நிற்கும்.

"தேதிதாங்க பழசாகும். படம் எங்க பழசாகும்?" என்பாள் வாடிக்கையாளரிடம். அதை அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

கட்டடத்தின் முதல் படம் ஏறி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்காவது மாடியில் இருந்த நாத்தனார், அதாவது கணவனின் மூத்த அக்காள், ஒரு பெயின்ட் கடை நாட்காட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு தாளிலும் வெள்ளைக் குதிரைகள். குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல் இல்லாமலே தலைவியாகி, அப்படியே தலைவி என்ற பெயரோடும் நிலைத்துவிட்டவள் அவள். ஒருவருக்கும் அவளிடம் பயம் இல்லை; ஆனால் அவள் சொன்னதை யாரும் தட்டியதும் இல்லை. குதிரைகள் ஏறிய மறுவாரமே மூன்றாவது மாடித் தையல்காரர் ஒரு கப்பல் படத்தோடு வந்தார். பிறகு முதல் மாடி மருந்துக்கடைக்காரர், தரைத்தளத்துக் கடிகாரக்காரர். படக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு மகுடம் வைத்ததுபோல ஒரு காரியம் நடந்தது. அவள் தாய்வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது, பள்ளி வேன் ஓட்டும் அவளுடைய கணவன், கடையிலிருந்து அவள் செய்து வைத்திருந்த ஒரு பனிமலையைத் தானே எடுத்துவந்து கூடத்து மேற்குச் சுவரில் மாட்டியிருந்தான்.

"ஊரு வீட்டுல எல்லாம் உன் கைவேலை தொங்குது. நம்ம வீட்டுல தொங்கக் கூடாதா?" என்றான்.

கல்யாணமான இத்தனை ஆண்டுகளில் அவள் வேலையைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அன்றைக்கு அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு பனிமலையை மாற்றலாம் என்று அவள் சொன்னபோது, "பழசக் கழட்டாத. அதுவும் நீ செஞ்சதுதானே. மேலயே போடு" என்றான். சுற்றிலும் மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்து, பெரிய சட்டத்தைச் சின்னதன்மேல் தொப்பிபோலக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் சுவரில் திருகாணி போட்டு முறுக்கினான். அந்த முறைதான் ஐந்து வீடுகளுக்கும் பரவியது. ஆளுக்கு ஆள் அதையே கேட்டார்கள். கொஞ்சம் பெரிசா, கொஞ்சம் பெரிசா. தன் கலைக்குப் பசி கூடிக்கொண்டே போகிறது என்று படக்காரி நினைத்துக்கொண்டாள்.

இந்த ஆண்டு தலைவியே கடைக்கு வந்தாள். நின்றபடியே பேசினாள்.

"ஏம்மா, அஞ்சு வீட்டுக்கும் புதுசா வேணும். அடுத்த வியாழக்கிழமைக்குள்ள."

"அஞ்சுமா? அக்கா, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. வேணும்னா காலையும் சேர்த்துக்கலாம்."

"சேர்த்துக்கோ. நகராட்சியிலருந்து கட்டடத்தப் பாக்க வர்றாங்க. வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்க வேணாமா? அகலம் அஞ்சடிக்குக் குறையக் கூடாது."

"அஞ்சடியா! சுவர விட்டுட்டு ஜன்னலயும் மூடிடலாமா?"

தலைவி சிரிக்கவில்லை. "ஜன்னல் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே படக்காரி அளவு நாடாவையும் குறிப்பு நோட்டையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக இறங்கி ஏறினாள்.

தரைத்தளத்தில் கடிகாரக்காரரின் கூடம் எப்போதும் ஒரு கூட்டம் முணுமுணுப்பதுபோல இருக்கும். ஊசல் கடிகாரங்கள் மட்டும் பதினொன்று. முன்பு அவை மேற்குச் சுவரில் வரிசையாகத் தொங்கின. இப்போது எல்லாம் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தன. மேற்குச் சுவரில் அவளுடைய பூந்தோட்டம் மட்டும் தனியாக நின்றது.

"ஏன் ஐயா இடம் மாத்திட்டீங்க?"

"அங்க மாட்டினா நின்னு போகுதும்மா. ஊசல் கடிகாரம் நேரா நிக்கிற சுவருலதான் ஓடும்." சொன்னவர் கண்ணில் மாட்டியிருந்த உருப்பெருக்கியைக் கழற்றினார். ஏதோ அதிகப்படியாகச் சொல்லிவிட்டவர்போல, "காத்து அடிக்குதுல்ல" என்று சேர்த்துக்கொண்டார். ஜன்னல் சாத்தியிருந்தது.

மூன்றாவது மாடியில் தையல்காரர் அவளைக் கண்டதும், "வா தங்கச்சி, உன் பசைக்கு இருமல் வந்திருக்கு, மருந்து குடு" என்றார்.

கப்பலுக்குமேல் கடைசியாக ஏறியிருந்த நாலடிச் சட்டத்தின் மேல் இடது மூலை வாயைப் பிளந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவள் அதைச் சேர்த்து ஒட்டி, பின் அடித்து, முறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்த இடைவெளிக்குள் அவள் சுண்டுவிரல் நகம் போயிற்று. நேர் எதிரே, கீழ் வலது மூலையும் அப்படியே. மற்ற இரண்டு மூலைகளும் கல்லுப்போல இறுகி நின்றன.

"பசை இல்லண்ணே. பசை விட்டா நாலு மூலையும் சேர்ந்துல்ல விடணும்?"

"அப்ப மரத்துக்குத்தான் வயசாயிடுச்சு."

"மரம் புதுசு. தேக்கு." அவள் மூலையைத் தடவினாள். மரம் சுருங்கியிருக்கவில்லை, கிழிந்திருந்தது. பக்கத்துக்கு ஒருவராக நின்று பிடித்து இழுத்தால்தான் ஒரு மூலை அப்படிக் கிழியும்.

தையல்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்து, பேச்சைக் கேட்காதவள்போல நூல்கண்டுகளை அடுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் படக்காரி பார்த்தாள், தையல் இயந்திரம் இடம் மாறியிருந்தது. கட்டிலும் மாறியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு முக்காலிகூட இல்லை. நான்கடி அகலத்துக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது. கடிகாரக்காரர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. முதல் மாடியிலும், நான்காவது மாடியிலும்கூட. ஐந்து வீட்டில் நான்கு வீட்டார் மேற்குச் சுவரிலிருந்து தங்கள் சாமான்களை ஓசைப்படாமல் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நகர்த்தாதது அவள் வீடு மட்டும். அங்கே படத்துக்கு நேர் கீழே அவளுடைய பன்னிரண்டு வயது மகளின் படிப்பு மேசை இருந்தது. படத்தைப் பார்த்தால் பாடம் நன்றாக ஏறுகிறது என்று மகள் சொன்னதால் படக்காரியே ஆசையாக அங்கே போட்ட மேசை.

வீட்டுக்கு வந்து அவள் குறிப்பு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். தொழிலில் அவள் கறாரானவள். எந்த வீடு, எந்தப் படம், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஜன்னலிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாள். ஒன்றரை அடி. இரண்டடி. இரண்டரை. மூன்று. மூன்றரை. நாலு. இப்போது ஐந்து. ஒரு பழைய நாட்காட்டித் தாளை எடுத்து, அதன் வெள்ளை முதுகில் கட்டடத்தைச் சின்னதாக வரைந்தாள். ஐந்து தளம், ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த வீட்டுப் படத்தை அதன் இடத்தில், அதன் அளவில் வரைந்தாள். பிறகு ஒவ்வொரு படத்திலும் பிளந்துகொள்ளும் மூலைகளில் புள்ளி வைத்தாள். தரைத்தளத்தில் படிக்கட்டை ஒட்டித் தொடங்கிய புள்ளிகள் தளத்துக்குத் தளம் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து ஏறின. அளவுகோல் வைக்கத் தேவை இல்லாமலே பென்சில் அவற்றின் வழியே ஓடியது.

ஏழு ஆண்டுகளாக அந்தச் சுவர் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அது ஓரங்குலம் ஓடினால் அவள் படம் அரை அடி பெருத்தது. இவ்வளவு நாளாக அவள் மறைத்துக்கொண்டிருந்தது என்ன என்பதற்கு ஒரு சின்னச் சொல் இருந்தது. அதை மனத்துக்குள்கூடச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அம்மா, அருவி இன்னிக்கு நல்லாக் கொட்டுது" என்றாள் மகள், மேசையிலிருந்து தலை தூக்காமலே.

சுவரில் இருந்தது அருவிப் படம்தான். சென்ற ஆண்டு ஆறு தாள் சேர்த்து அவள் செய்தது. "படத்துல எங்கடி தண்ணி கொட்டும்? வாலு, கதை அளக்காம எழுது."

"தண்ணி இல்லம்மா. மண்ணு. காதை வச்சுக் கேளு."

படக்காரி எழுந்து போய் அருவியின்மேல் காதை வைத்தாள். வார்னிஷ் குளிர்ந்திருந்தது. உள்ளே, வெகு உள்ளே, யாரோ அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம்; நின்றது; மறுபடி வந்தது. மகள் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். வரிசையாகச் சின்ன மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிற மணல். ஒவ்வொன்றின்மேலும், படக்காரி அரிந்து குப்பையில் தள்ளிய தேதித் துண்டுகளிலிருந்து கத்தரித்த ஒரு மாதப் பெயர் ஒட்டியிருந்தது.

"தினமும் காலையில மேசைமேல விழுந்து கிடக்கும். துடைச்சுத் துடைச்சுப் போட்டா வீணாப்போகுதேன்னு சேர்த்து வச்சேன். முதல்ல ஒரு மாசத்துக்கு ஒரு குப்பி கூட நிரம்பலம்மா. இந்த மாசம் இப்பவே மூணு."

படக்காரி இழுப்பறையை மூடினாள். மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி" என்றாள். இருவரும் சேர்ந்து மேசையை வாசல் கதவோரமாக இழுத்துப் போட்டார்கள். காரணம் கேட்காத பெண் அல்ல அவள்; ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கேட்கவில்லை.

கணவன் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது, வெறுமையான மேற்குச் சுவரடியைத்தான் முதலில் பார்த்தான். சாவிக்கொத்தை ஆணியில் மாட்டப்போன கை பாதியில் நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

"என்னைத் தவிர."

"தெரிஞ்சிருந்தா நீ செஞ்சு குடுத்திருப்பியா?"

"அப்ப அந்தப் பனிமலை? 'உன் கைவேலை'ன்னு சொன்னது?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்ப தலைமுடி அளவுதான் இருந்துச்சு. அக்காதான் மறைச்சிடுன்னு சொன்னா. உன் படம் கையில கிடைச்சுது." சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "படம் நல்லாத்தான் இருந்துச்சு. அது பொய் இல்ல" என்றான்.

ஏழு ஆண்டுகளாக அவள் நெஞ்சுக்குள் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தது அந்தக் 'கைவேலை' வாக்கியம் ஒன்றைத்தான். இப்போது அதன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் அவள் நான்காவது மாடிக்கு ஏறிப் போனாள். தலைவி கதவைத் திறந்தவுடனே புரிந்துகொண்டாள். தம்பி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே அழைத்து உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து எதிர்த் தெருவைக் காட்டினாள். அங்கே பூட்டிய ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. அதன் நெற்றியில் சிவப்புப் பெயின்டில் இழுத்த ஒரு குறுக்குக் கோடு.

"ஞாபகம் இருக்கா? அங்க ஒருத்தன் போய் எழுதிக் குடுத்தான். வந்தாங்க, பார்த்தாங்க, கோடு போட்டாங்க. ஏழே நாள். பன்னெண்டு குடும்பம் பாயும் தலகாணியுமா தெருவுல நின்னுது. யாரு எங்க போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கோடு போட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. கட்டடம் விழுந்துச்சா?"

"விழல."

"விழல. மனுஷங்கதான் விழுந்தாங்க." தலைவியின் குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. "எனக்கு இந்த வயசுல வேற வீடு கிடையாது கண்ணு. கீழ அந்தக் கடிகார மனுஷனுக்குக் கிடையாது. உனக்கு மட்டும் இருக்கா? இந்த ஒரு தடவை தாண்டிட்டா அடுத்த அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிக்கலாம்."

"என் பொண்ணு அந்தச் சுவருக்குக் கீழ உட்கார்ந்து படிச்சுட்டு இருந்தாக்கா. ரெண்டு வருஷமா. ஒருத்தராவது வந்து மேசைய நகர்த்துன்னு சொல்லக் கூடாதா?"

தலைவி ஜன்னலைச் சாத்தினாள். வெள்ளைக் குதிரைகளுக்குமேல் ஏறிய மயில்கள், மயில்களுக்குமேல் ஏறிய கோட்டை என்று அடுக்கடுக்காகப் புடைத்திருந்த தன் மேற்குச் சுவரைப் பார்த்தாள். "சொன்னா நீ ஏன்னு கேட்டிருப்ப" என்றாள் கடைசியில்.

படக்காரி கீழே இறங்கி வந்து, வேலையைத் தொடங்கினாள். அவள் ஏன் தொடங்கினாள் என்பதை அவளாலேயே சொல்ல முடிந்திருக்காது. பாய் தலையணையோடு தெருவில் நின்ற பன்னிரண்டு குடும்பங்கள் கண்ணுக்குள் நின்றன என்பது பாதிக் காரணம். பழகிய கை ரம்பத்தைத் தேடிப் போகும் என்பது மீதி. சுற்று வட்டாரத்துப் பரண்களிலிருந்தெல்லாம் நாட்காட்டிகள் வந்து குவிந்தன. ஐந்தடிப் படங்களுக்கு ஒரு வீட்டுத் தாள் போதாது. கடலோடு கடலையும் வானத்தோடு வானத்தையும் ஒட்டுத் தெரியாமல் இணைத்தாள். அரிந்த தேதிகள் காலடியில் சருகுபோலச் சேர்ந்தன. முன்பெல்லாம் அவற்றைப் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள்: இந்த மாதத்தில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது, மேசையிலேயே தலை வைத்துத் தூங்கினாள், இந்த மாதத்தில் பரீட்சை, விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நான்கு வீடுகளுக்குப் படம் ஏறியது. சுவரில் துளை போடும்போது எல்லோரும் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் பாட்டுப் பெட்டியைக்கூட வைத்தார். துளைக்கருவி ஓரிடத்தில் சட்டென்று எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை உள்ளே போனபோது, "உள்ள எலி வளை போல" என்றார் தையல்காரர். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது, அவள் வீட்டுக்கானது, வியாழக்கிழமை சாயங்காலம் ஆய்வுக்கு முன் மாட்டுவதற்காகக் கூடத்தில் சோபாவின்மேல் சாய்ந்து நின்றது. கலங்கரை விளக்கமும் அலையும்.

ஆனால் ஆய்வுப் பொறியாளர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டார். இளவயது, சட்டைப்பையில் மூன்று பேனா, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும் முகம் சுளிக்காதவர். தரைத்தளத்திலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறினார். குழாயைத் திறந்து பார்த்தார், மின்பெட்டியைப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் பார்த்து முடித்ததும் அந்த வீட்டாரும் அவர் பின்னாலேயே ஏறி வந்தார்கள். முதலில் நான்காவது மாடிவரை போய், திரும்பும் வழியில் படக்காரி வீட்டில் டீ என்று தலைவி ஏற்பாடு செய்திருந்தாள். ஆக, அவர் கடைசியாக அந்தக் கூடத்துக்குள் நுழைந்தபோது கட்டடமே அங்கே நின்றது.

"எல்லா வீட்லயும் ஒரே மாதிரி பெரிய பெரிய படமா இருக்கே" என்றார், நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தபடி. "யாரு செஞ்சது?"

"எங்க தம்பி பொண்டாட்டிதான் சார்" என்றாள் தலைவி. "எல்லாம் பழைய காலண்டர். நம்புவீங்களா?"

"காலண்டரா! எங்க வீட்ல வருஷா வருஷம் தூக்கிப் போட்டுடுவோம். கைராசிதான்." பேனாவின் மூடியைத் திறந்தார். "சரிங்க, பெரிசா குறை ஒண்ணும் தெரியல. கையெழுத்துப் போட்டுடறேன்."

அப்போது அருவியின் மேல் மூலையிலிருந்து டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம், குச்சி ஒடிவதுபோல. உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தையல்காரர் தண்ணீர் வரத்தைப் பற்றி, மருந்துக்கடைக்காரர் தெருவிளக்கைப் பற்றி, கணவன் வேனின் பிரேக்கைப் பற்றி. அந்தப் பேச்சின் அடியில், படத்துக்குக் கீழே வெறுந்தரையில், ஒரு பிடி மணல் மெதுவாகச் சரிந்து விழுந்ததைப் படக்காரியும் மகளும் மட்டும் பார்த்தார்கள். மேசை இருந்த இடம். சரியாக நாற்காலி இருந்த இடம்.

படக்காரி டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தாள்.

"சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க. ஒரு நிமிஷம்."

"ஏம்மா, சாருக்கு நேரமாகுது. டீயக் குடு" என்றாள் தலைவி.

"டீ ஆறட்டும்க்கா." அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். "வாலு, நீ அங்க நிக்காத. கதவுகிட்ட போ. குப்பியெல்லாம் எடுத்துக்கோ."

முதல் திருகாணி கிறீச்சிட்டது. ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாவது. மூன்றாவது. கணவன் பாய்ந்து வந்து, "வேணாம், சொன்னாக் கேளு" என்று பல்லுக்குள் சொன்னான். நான்காவது திருகாணி விட்டதும் சட்டம் ஒரு பக்கமாகச் சரிந்தது. தடுக்க வந்த கைகளே அதன் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தன. ஏழு ஆண்டுப் பழக்கம். பிடித்த பிறகு அவனால் விட முடியவில்லை.

அருவி இறங்கியது. அதற்குப் பின்னால் சற்றே சின்னதாக ஒரு பூந்தோட்டம் இருந்தது. பூந்தோட்டத்தின் தலைக்குமேலும் காலுக்குக் கீழும், கறுப்பாக, ஓர் ஆண்டு வளர்ந்த நீளத்துக்கு அது தெரிந்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பூந்தோட்டம் இறங்கியபோது இன்னும் ஓர் ஆண்டு தெரிந்தது. கப்பல் இறங்கியது, ஏரி இறங்கியது, ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய நல்ல வேலைகளெல்லாம் தரையில் வரிசையாகச் சுவர் பார்த்து நின்றன. கடைசியில் ஒன்றரை அடிப் பனிமலை மட்டும் மிஞ்சியது. அதையும் கழற்றினாள்.

பனிமலை இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. மேற்கு வானத்தின் வெளிச்சம், கத்தி அலகுபோலக் கூடத்துக்குள் நுழைந்து, பொறியாளரின் காகிதத்தின்மேல் குறுக்காக விழுந்தது. அவர் பேனாவோடு எழுந்து நின்றார். தலைவி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படக்காரி இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். கடையில் அளவு சொல்வதுபோலவே, வாசலுக்கும் படிக்கட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"விரிசல். நடுவுல ரெண்டே கால் அங்குலம். நீளம் மூலைக்கு மூலை நாலடிக்கு மேல. எழுதிக்குங்க சார், அஞ்சு வீட்டுக்கும் சொல்றேன்."